பீலிக்குப் போகச் சொன்னது நான்தான்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று கவிதா சொல்லிவிட்டாள். கடிதத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. முட்டிவலியும் மூச்சு வாங்குவதும் பழையபடிதான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாம் போனில் பேசுகிற லட்சணம்தான் தெரியுமே. "சாப்பிட்டியா?" "ம்." "அங்க மழையா?" "ம்." "சரி, வச்சிடவா?" "ம்." உன் அம்மா போன பிறகு இந்த மூன்று 'ம்'களை வைத்துக்கொண்டே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டோம். அதனால்தான் பந்தலூர் கடைவீதியில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்ததும் கவிதாவிடம் கொடு. வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்து மறைத்துத்தான் நம் வீடு இந்த நிலைக்கு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், நீ பனியன் கம்பெனியில் இருந்த நேரத்தில், கவிதா என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பிறகு மூச்சு விடாமல் சொன்னாள். "நேத்து கவினு பள்ளிக்கோடத்துல இருந்து வந்ததும் பையக் கூட எறக்காம பாத்ரூமுக்குள்ள போயிட்டானுங்க. கொழாயத் தொறந்து உட்டு பக்கெட்டு நெறஞ்சு வழியுது, ஆளு வெளிய வரவே இல்லீங்க. கதவத் தள்ளிப் பாத்தா செவுத்தப் பாத்து நின்னு அழுதுட்டு இருக்கறானுங்க. பக்கத்துல உக்கார்ற பையன் வேற பெஞ்சுக்குப் போயிட்டானாமா. அதுக்கு ஏஞ்சாமி கொழாயத் தொறந்தேன்னு கேட்டனுங்க. அப்பா அப்பிடித்தானம்மா பண்ணுவாங்கங்கறானுங்க."

அவள் நிறுத்தவில்லை. "கல்யாணமாயி எட்டு வருசமாச்சுங்க மாமா. இவரு குளிக்கறாருன்னே நெனச்சுட்டு இருந்தேனுங்க. இத்தன நேரம் என்ன குளியல்னு திட்டக்கூட செஞ்சிருக்கறேன். ஆறு வயசுக் கொழந்தைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலீங்களே." கொஞ்ச நேரம் அவள் அழுதாள். பிறகு, "அவர மாத்திக் குடுங்கன்னு நான் கேக்கலீங்க. எம்பையன் இப்பிடி ஆயிரக் கூடாதுங்க. நீங்க அவருகிட்ட ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ம்" என்றேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, குழாயைத் திறந்துவிட்டு அழச் சொல்லிக் கொடுத்தது யார் என்று. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

கவிதாவும் இதைப் படிக்கப் போகிறாள் என்பதால் நம் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் இங்கே வந்து தங்கியதெல்லாம் சேர்த்தால் பத்து நாள் தேறாது. நம் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. வீடு என்று பெரிய பேச்சு. காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் ஒரு சின்ன அடுப்படி. கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் எங்களுக்கு இருந்ததும் இதேதான், கடல் தாண்டி வந்தபோது அந்தப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். இரண்டு காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். எனக்குப் பதினாலு வயதில் கப்பலேறினோம். பிறந்த மண்ணை விட்டுக் கிளம்பியபோது உன் தாத்தா கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று லயத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நான் அந்தப் பெருமையைக் கேட்டே வளர்ந்தவன். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த என் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று எனக்கொரு வீம்பு.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். முதலில் வாரத்தில் நாலு நாள் வேலை, பிறகு இரண்டு நாள். ஒரு நாள் காலையில் பாக்டரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றவன் நான், ஒரே நாளில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன் ஆகிவிட்டேன். உன் அம்மா உட்காரவில்லை. மறு வாரமே சில்லறைத் தோட்டக்காரர்களிடம் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். உனக்குப் பதினைந்து வயது. பள்ளி லீவு நாளில் அவளோடு நீயும் போக ஆரம்பித்தாய். செடியும் பனியும் உடம்பில் படாமல் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்களே படங்கு, அந்தச் சாக்கை நீயும் கட்டிக்கொண்டாய். உன் கை இரண்டும் பார்க்காமலே கொழுந்து கிள்ளும், முற்றல் இலை ஒன்றுகூட வராது. "இவன் கையப் பாருங்க, அப்படியே எங்க அம்மா கை" என்று உன் அம்மா என்னிடம் வந்து பூரித்துப் போவாள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரியும். நான் கவ்வாத்துக் கத்தியையோ மண்வெட்டியையோ தூக்கிக்கொண்டு எங்காவது கூலிக்குப் போயிருக்கலாம். கொழுந்தே எடுத்திருந்தாலும் குறைந்துபோயிருக்க மாட்டேன். ஆனால் வாசலில் உட்கார்ந்து, திறக்காத பாக்டரியின் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ரோட்டோரத்தில் கொழுந்து லாரி நின்றது. பெண்கள் மூட்டையை எடைக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போல வேலை போன ஆண்கள் ஏழெட்டுப் பேர் மதகில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் உன்னைக் காட்டிச் சிரித்தான். "என்னா மாமா, ஒங்க வீட்டுல ரெண்டு பொம்பள கொழுந்தெடுக்குது போல?" எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னது என்னைத்தான், நான் உட்கார்ந்திருந்ததைத்தான். அவனை ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல் எழுந்து உன்னிடம் வந்தேன். "ஆம்பளப் புள்ளயாடா நீ? பொட்டச்சி மாதிரி படங்கு கட்டிக்கிட்டு நிக்கிற?" என்று கத்தி, அந்தப் படங்கைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு இறுகி உன் இடுப்பில் கயிறு அறுத்தது. நீ பிடித்திருந்த மூட்டை சாய்ந்து கொழுந்தெல்லாம் தார் ரோட்டில் சிதறியது. நீ அங்கே அழவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். உன் அம்மாவும் பொறுக்கினாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உனக்கு வெடித்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாய். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லம்மா கேட்டாள். "ஏன்ணே, புள்ள அழுவுது?" நான் உடனே, "ஒண்ணுமில்ல செல்லம்மா, விழுந்துட்டான்" என்றேன். பிறகு உன் காதோரம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "அழணும்னா பீலிக்குப் போ. தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழு. லயத்துக்கே கேக்குது." லயத்துக் கடைசியில் இருக்கும் குழாயடியைத்தான் பீலி என்போம், அங்கே சும்மா போனால் பார்ப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள் என்று, குடத்தை எடுத்து உன் கையில் கொடுத்தவனும் நான்தான். கொழுந்தெடுப்பது பொம்பளை வேலை என்று ஊர் பார்க்கக் கத்தியவனுக்கு, குடம் தூக்குவது யார் வேலை என்ற யோசனை அப்போது வரவில்லை. நீ போனாய். ரொம்ப நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, குடம் ததும்பத் தண்ணீரோடு வந்தாய். "ம், இப்பத்தான் ஆம்பள" என்றேன். தம்பி, இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதிலிருந்து நீ வீட்டில் அழுததே இல்லை. வீட்டில் தண்ணீர் மட்டும் குறையவே இல்லை. பத்தாவதில் கணக்குப் பரீட்சை போனபோது மூன்று குடமும் நிறைந்தது. மேலே படிக்க வைக்க முடியாது என்று நான் சொன்ன அன்று அண்டாவும் நிறைந்தது. திருப்பூருக்குப் பஸ் ஏறின காலையில், விடியும் முன்பே எழுந்து வீட்டிலிருந்த சட்டி பானை வரைக்கும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாய். நான் பக்கத்து வீடுகளில் பெருமையடித்தேன், என் மகன் என்ன பொறுப்பு பாருங்கள் என்று.

வீட்டுக்குப் பின்னால் உன் அம்மா மேரக்காய்க் கொடி ஒன்று போட்டிருந்தாளே, நினைவிருக்கிறதா? அந்த வருஷங்களில் அது காய்த்த காய்ப்பு! விலை விழுந்து நாம் அரைவயிறு கிடந்த காலத்தில் மேரக்காய்க் குழம்பு, மேரக்காய்க் கூட்டு என்று அதைத்தானே தின்றோம். ஒருநாள் ஆனி மாத மழை அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உன் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நிறைகுடத்தைத் தூக்கிப்போய்க் கொடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். "பைத்தியமா புடிச்சிருக்கு? கொட்டுற மழையில கொடிக்கு எதுக்குத் தண்ணி ஊத்துற?" என்று கேட்டேன். "குடத்துல பூச்சி விழுந்திருச்சி" என்றாள். இன்னொரு நாள் கேட்டதற்கு, "தண்ணி பழசாயிருச்சி" என்றாள். அவளுக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்தக் குடங்களை அவள் எப்போது காலி செய்தாள், எதற்குக் காலி செய்தாள் என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

உன்னைப் பீலிக்கு அனுப்பும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாதது இது. உனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனாள் என்று உனக்குத் தெரியும். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய பெரிய காற்றாடிகள் ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கொழுந்தைக் கிளறுகிற மாதிரி குனிந்துகொண்டு, வாய்விட்டு, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். ஒரு நாள் இல்லை, பல மாதம். மாடியின் அந்தக் கோடியில் இன்னொருத்தன் அப்படிக் குனிந்து நின்று தோள் குலுங்கியதையும் ஒருமுறை பார்த்தேன். நான் பார்த்ததை அவனிடம் சொன்னதில்லை, அவன் என்னைப் பார்த்திருந்தால் அவனும் சொன்னதில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உன் அம்மா மூலையில் சுருண்டு கிடப்பாள். ஒருநாள், "நீங்க அவளுக்காக அழுவவே இல்ல" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பாக்டரியைப் பூட்டியபோது என் சம்பளம் போனது லயத்துக்கே தெரியும். நான் அழுவதற்கு இருந்த ஒரே இடமும் போனது யாருக்கும் தெரியாது. வெளியே போக வழியில்லாமல் அதெல்லாம் கோபமாகி உன் மேல் விழுந்தது. இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்தது இது.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம், ஒரு காலை நேரம், நன்றாகக் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். "நான் போயிட்டா, புள்ள வாறப்ப எல்லாம் அந்தக் குடத்தக் காலி பண்ணி வைங்க. மறந்துறாதீங்க" என்றாள். எந்தக் குடம் என்று கேட்டேன். "எல்லாந்தான். நெறஞ்சிருந்தா அவன் எங்க போவான்?" என்றாள். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நர்ஸைக் கூப்பிடப் போனேன். குழந்தைக்காக மாடியில் அழுததை அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். நர்ஸைத் தேடி எழும் வரை அவள் கை என் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள், இந்த மனிதன் பெற்ற பிள்ளைக்குக்கூட அழாதவன் என்று நினைத்தபடியே போய்விட்டாள்.

அவள் போன அன்று நீ வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா முகத்தை ஒரு தரம் பார்த்தாய். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குடத்தை எடுத்தாய். அண்டா நிறைந்தது, குடங்கள் நிறைந்தன, பக்கெட்டுகள் நிறைந்தன, செல்லம்மா வீட்டுக்கும் தூக்கிக் கொடுத்தாய். வந்திருந்த சொந்தக்காரர்கள், "ஆம்பளன்னா இப்படி இருக்கணும். எழவு வீட்டுல எப்படிப் பொறுப்பா தண்ணி தூக்குறான் பாரு" என்றார்கள். நானும் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நீ ஒரு குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாய். அது நிறைந்திருந்தது. சுற்றிலும் இருந்த எல்லாமே நிறைந்திருந்தது. "எல்லாம் நெறஞ்சிருக்குடா. போதும், வச்சிடு" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாய். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாய்.

கவிதா போனை வைத்த பிறகுதான், தம்பி, உன் அம்மா சொன்னது எனக்குப் புரிந்தது. நீ அழப் போவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று அவள் மழையில் நனைந்துகொண்டு குடத்தைக் காலி செய்திருக்கிறாள். எனக்குப் பயந்து உன்னை மடியில் போட்டுக்கொள்ள முடியாதவள், அவளால் முடிந்ததைச் செய்திருக்கிறாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதையும் நான் செய்யாமல், பெற்ற தாய்க்கு நீ அழ இருந்த வழியை அடைத்து உன்னை அனுப்பிவிட்டேன்.

போன் வந்த அன்று சாயங்காலம் காம்பராவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்ததும் உனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்கும் தோன்றியது, கை தானாகக் குடத்தைத் தேடியது. எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதேன். அறுபத்தாறு வயதில் அது எப்படி வந்தது என்கிறாய், மாடு கத்துவது மாதிரி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. "அண்ணே, யாரு அழுவுறது?" என்றாள் செல்லம்மா. "நாந்தான்" என்றேன். "ஏன்ணே?" என்றாள். "எம் பொஞ்சாதி செத்துப்போயிட்டா, செல்லம்மா" என்றேன். மூன்று வருஷம் கழித்து இதென்ன பேச்சு என்று அவள் கேட்கவில்லை. "ஆமாண்ணே" என்றாள். பிறகு, "இருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்" என்றாள். அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போகவில்லை. லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. இதற்காகவா உன்னை அத்தனை வருஷம் பீலிக்கு அனுப்பினேன்?

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கவினுக்காக ஒன்று கேட்கிறேன். நாளைக்கு அவன் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்தால், நீ உள்ளே போ. குழாயை மூடு. அழாதே என்று சொல்லாதே. ஆம்பளப் புள்ள என்ற வார்த்தையை வாயில் எடுக்காதே, அது என்னோடு தொலையட்டும். வேறு என்ன சொல்வது என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லித் தரவில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த ஈரத்திலேயே அவன் பக்கத்தில் உட்கார். பேன்ட் நனைந்தால் கவிதா திட்ட மாட்டாள். பெஞ்சு மாறிப்போன அந்தப் பையன் பெயர் என்னவென்று கேள். அவன் அழுது முடிக்கும் வரை எழுந்துவிடாதே.

அடுத்த லீவுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். மூன்று குடத்தையும் அண்டாவையும் கொடிக்கு ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உன் அம்மா சொன்னதை மூன்று வருஷம் தாமதமாகச் செய்திருக்கிறேன். ஆனால் நீ அதில் எதையும் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போக வேண்டாம். உன் அம்மா படுத்திருந்த இடத்தில், இந்தக் காம்பராவிலேயே, சத்தமாக அழு. நானும் பக்கத்தில் இருப்பேன். செல்லம்மா அந்தப் பக்கத்திலிருந்து கேட்காமல் இருக்க மாட்டாள். கேட்கட்டும். "எம் மகன் அழுவுறான், செல்லம்மா. அழுவட்டும்" என்று இந்தத் தடவை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா